கைநாட்டைக் கையெழுத்தாக்கிய பாட்டி



போர்த்தலைவன் ஒருவனைப் பற்றிப் பேச வருவார்க்கு அவன் வென்ற களங்கள் இருக்கின்றன. அரசன் ஒருவனைப் பற்றிப் பேச வருவார்க்கு அவன் எடுப்பித்த கோட்டைகள் இருக்கின்றன. சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பற்றிப் பேச வருவார்க்கு என்ன இருக்கின்றது? கரும்பலகையில் தாம் எழுதியதைத் தாமே துடைத்துவிட்டு வீடு திரும்புகின்றவர் அவர். அவர் எழுதியவற்றுள் எஞ்சியது பிறருடைய விரல்களில் இருக்கின்றது. அவ்விரல்களைத் தேடிப் போனால்தான் அவர் வரலாறு கிடைக்கும்.

அவ்வாறு தேடத்தக்க ஒருவரின் வாழ்க்கையே இன்றைய உரைப்பொருள். அமெரிக்க நாட்டின் தென்கரோலினா மாநிலத்தில் 1898-ஆம் ஆண்டு மேத் திங்கள் 3-ஆம் நாள் பிறந்த செப்திமா பாயின்செட்டு கிளார்க்கு என்னும் கறுப்பின ஆசிரியப் பெருமாட்டி அவர். மார்ட்டின் லூதர் கிங்கு என்னும் பெயரைக் கேளாதார் இலர். அக்கிங்கு மேடையில் முழங்கிய உரிமையை, ஊர் ஊராகச் சென்று பலகையில் எழுதிக் காட்டிய இம்முதியவரின் பெயரை எத்துணைப் பேர் கேட்டிருப்பர்? அவர் நாட்டவர் அவரை உரிமை இயக்கத்தின் பாட்டி என்று அழைக்கின்றனர். அப்பெயர் வெறும் பாராட்டுப் பெயரன்று என்பதை அவர் வாழ்க்கையே காட்டும்.

செப்திமாவின் தந்தையார் பீட்டர் பாயின்செட்டு அடிமையாய்ப் பிறந்தவர். சோயல் பாயின்செட்டு என்னும் வெள்ளை நிலக்கிழாரின் பண்ணைக்கு உடைமையாய் இருந்தவர். சிவந்த இலைகளையுடைய 'பாயின்செட்டியா' என்னும் செடியை மெக்சிக்கோவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொணர்ந்தவர் அந்நிலக்கிழாரே. கொண்டுவந்த செடிக்கும் அவர் பெயர். பண்ணையில் பிறந்த மாந்தனுக்கும் அவர் பெயர்! சிறுவன் பீட்டருக்கு இடப்பட்ட பணி, ஆண்டையின் பிள்ளைகளை நாள்தோறும் பள்ளிக்கு அழைத்துச் செல்வது. பள்ளி விடும்வரை வெளியே காத்திருப்பது. பின்னர் அவர்களை வீடு சேர்ப்பது. பள்ளியின் வாயிலை அவ்வளவு நன்றாய் அறிந்த சிறுவன் வேறொருவன் இருந்திருக்க மாட்டான். ஆனால் உள்ளே என்ன நடக்கின்றது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அவ்வாயிலில் நின்றவரின் மகள்தான் பின்னாளில் ஓராயிரம் வாயில்களைத் திறந்துவிட்டவர்.

தாயார் விக்டோரியா வேறு வார்ப்பு. சார்ல்சுடன் நகரில் பிறந்து எய்ட்டி நாட்டில் வளர்ந்தவர். அடிமைப்பட்டிருந்த கறுப்பினத்தார் தாமே கிளர்ந்தெழுந்து 1804-இல் விடுதலை நாடாய் ஆக்கிக்கொண்ட நிலம் அது. தாம் ஒருநாளும் எவர்க்கும் அடிமையாய் இருந்ததில்லை என்னும் பெருமிதம் அவ்வம்மையாரிடம் இறுதிவரை இருந்தது. பிறர் துணியை வெளுத்துக் குடும்பம் நடத்தினார். ஆயினும் தலை குனிந்து நடந்தாரல்லர். தந்தையாரிடமிருந்து பொறுமையும் தாயாரிடமிருந்து நிமிர்வும் மகளுக்கு வந்து சேர்ந்தன.

ஏவரி ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் 1916-இல் படிப்பை முடித்தபொழுது செப்திமாவுக்கு அகவை 18. மேலே கல்லூரிக்கு அனுப்பப் பெற்றோரிடம் பொருளில்லை. ஆசிரியராகலாம் என்றாலோ, சார்ல்சுடன் நகரின் பொதுப் பள்ளிகளில் கறுப்பினத்தார் ஆசிரியராய் அமர இயலாது. பிள்ளைகள் கறுப்பராய் இருப்பினும் கற்பிப்போர் வெள்ளையராகவே இருத்தல் வேண்டும் என்பது அங்கிருந்த முறை! ஆகவே நகரை விட்டுக் கடலோரத் தீவொன்றுக்குச் சென்றார். அதன் பெயர் சான்சுத் தீவு. அந்நாளில் அத்தீவுக்குப் பாலமில்லை. உப்பங்கழிகளின் வழியே படகிலேறி, நீரேற்றத்திற்கும் வற்றத்திற்கும் காத்து, பகற்பொழுதின் பெரும்பகுதியைக் கழித்தே போய்ச்சேர வேண்டும்.

போய்ச்சேர்ந்த பள்ளியைக் காண்மின்! மரத்துண்டுகளை அடுக்கிக் களிமண்ணால் இடுக்கடைத்த குடில். அதிலே பிள்ளைகள் 132 பேர், ஆசிரியர் இருவர். தலைமையாசிரியராகிய செப்திமாவுக்குத் திங்கட்கு 35 தாலர். உடன் கற்பித்தவர்க்கு 25 தாலர். எதிரே வெள்ளையர் பள்ளி. அதிலே பிள்ளைகள் மூவர், ஆசிரியர் ஒருவர், அவருக்குத் திங்கட்கு 85 தாலர். இதற்கு விளக்கவுரை வேண்டுவதில்லை. கணக்குத் தெரிந்தவர் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். பருத்தி எடுத்து முடியும்வரை பெரிய பிள்ளைகள் பள்ளிப் பக்கம் வருவதில்லை. மழை பெய்தால் வருவார்கள். வெயிலடித்தால் வயலில் நிற்பார்கள். ஆண்டையின் பருத்திக்குப் பின்புதான் அவர்களின் அகரவரிசை.

பொத்தகங்கள் இல்லை. இருந்த சிலவும் அப்பிள்ளைகள் கண்டறியாத வேற்றுலகத்தைப் பேசின. 18 அகவைப் பெண் என்ன செய்தார் தெரியுமா? துணி வெளுப்போர் உறையாகப் பயன்படுத்தும் பெரிய தாட்பைகளைத் தொகுத்துக்கொண்டார். பள்ளிக்கு வரும் வழியில் என்ன கண்டாய், உன் வீட்டைச் சுற்றி என்ன விளைகின்றது, வானத்தில் என்ன தெரிகின்றது என்று பிள்ளைகளைக் கேட்டார். அவர்கள் சொன்ன கதைகளை அத்தாட்பைகளில் எழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அதுவே பாடப்பொத்தகம். தம் வாயிலிருந்து வந்த சொல்லே எழுத்தாய்ச் சுவரில் நிற்பதைக் கண்ட பிள்ளைகள், அதனைப் படித்தார்கள்.

இவ்விடத்தில் அத்தீவு மக்களின் மொழியைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பல மொழி பேசும் மக்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்து இக்கடலோர வயல்களில் அடிமைகளாய் நட்டனர் வெள்ளையர். அம்மக்கள் தம் தாய்மொழிச் சொற்களையும் ஓசைகளையும் ஆண்டையரின் ஆங்கிலத்தோடு இணைத்து ஒரு மொழியை ஆக்கிக்கொண்டனர். அதன் பெயர் கல்லா. தமிழ்ச் செவிக்கு அப்பெயர் விந்தையாய் ஒலிக்கின்றதன்றோ? அம்மொழி பேசியோரை மற்றையோர் கல்லார் என்றே எண்ணினர் என்பது அதனினும் விந்தை! அது தனிமொழியன்று, சோம்பேறிகள் சிதைத்த ஆங்கிலம் என்றே படித்தோரும் எழுதிவந்தனர். இலாரன்சோ டவ் டர்னர் என்னும் கறுப்பின மொழியறிஞர் தீவுகளில் அலைந்து திரிந்து ஆய்ந்து, 1949-இல் வெளியிட்ட நூலால்தான் அம்மொழியின் ஆப்பிரிக்க வேர்கள் உலகுக்குத் தெரிந்தன. அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, மொழியியல் எதனையும் கல்லாத இவ்விளம் ஆசிரியர், பிள்ளைகளின் பேச்சை இழித்துரைக்காமல் கற்பித்தார். 'த' என்னும் ஆங்கிலச் சுட்டுச் சொல்லைத் தீவார் 'டெ' என்பர். அது பிழை என்று பிரம்பெடுக்கவில்லை அவர். இங்கு இவ்வாறு சொல்கின்றோம், பொத்தகத்தில் அவ்வாறு எழுதுவார்கள், இரண்டும் ஒன்றே என்று கருத்துப்படக் கற்பித்தார். தாய் வாயில் கேட்ட சொல்லுக்காக அடிவாங்கிய பிள்ளை, அச்சொல்லை மட்டுமன்று, தாயையும் சேர்த்து வெறுக்கத் தொடங்கும் என்பதை அறிந்த ஆசிரியர் எவரும் இதன் அருமையை உணர்வர்.

பகலில் பிள்ளைகள், இரவில் பெரியோர்கள். தீவில் ஒரு நற்பணிக் குழுவினர் இருந்தனர். கூட்டத்தில் பேசுவதற்கு உரையைப் பிறர் படிக்கக் கேட்டு மனப்பாடம் செய்து வந்தவர்கள் அவர்கள். தாமே படித்துப் பேச விரும்பி ஆசிரியரை நாடினர். உழைத்துக் காய்ந்த அக்கைகளுக்கு அவர் எழுத்துக் கற்பித்தார். முதியோர்க்குக் கற்பிக்கும் கலை அவருக்கு அங்குதான் கைவந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து அக்கலை நாட்டையே அசைக்கப் போகின்றது என்று அன்று எவருக்குத் தெரியும்?

1919-இல் சார்ல்சுடனுக்கு மீண்டு ஏவரிப் பள்ளியில் கற்பித்தார். நகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று நிறமக்கள் முன்னேற்றத்திற்கான நாட்டுக் கழகம் குரலெழுப்பியது. கறுப்பின மக்களே அதனை விரும்பவில்லை என்று எதிர்ப்பக்கத்தார் கூறினர். விரும்புகின்றார்களா இல்லையா என்று வீடு வீடாய்ப் போய்க் கேட்டுவிடுவோமே என்று தம் மாணாக்கரோடு புறப்பட்டார் செப்திமா. தொண்டர்கள் திரட்டிய கையெழுத்துகள் 10,000. அடுத்த ஆண்டே வெற்றி கிட்டிற்று.

இனி அவருடைய இல்லற வாழ்வு. அது குறுகியது, துன்பம் நிறைந்தது. கப்பற்படையில் சமையற்பணி செய்த நீரி கிளார்க்கு என்பாரை 1920-இல் மணந்தார். பெற்றோர்க்கு அதில் உடன்பாடில்லை. தலைப்பிள்ளையாகிய பெண்மகவு பிறந்து ஒரு திங்கள் நிறையுமுன் இறந்தது. 1925-இல் மகன் பிறந்தான். அவ்வாண்டிலேயே கணவர் சிறுநீரக நோயால் மறைந்தார். 27 அகவையில் கைம்பெண், கையில் குழந்தை. ஆசிரியப் பணியின் குறைந்த கூலியில் தனித்து நின்று மகனை வளர்க்க இயலாமல், வடகரோலினாவில் இருந்த கணவரின் பெற்றோரிடம் அவனை ஒப்படைத்தார். ஊரார் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானவர்க்குத் தாயாய் இருந்தவரின் ஒரே பிள்ளை பாட்டியின் கையில் வளர்ந்தான்! இதனைத் தாய்மைக் குறை என்று எளிதாய்ச் சொல்லிவிடுவாரும் உளர். பசியின் முன் நின்று பாராதவர்க்குச் சொல் எளிது. ஏழைக் குடும்பங்களில் பாட்டி என்பவள் பழங்கதை சொல்லும் கிழவி மட்டுமல்லள்; இடிந்த வீட்டைத் தாங்கும் இரண்டாந் தூண். அத்தூணின் பயனைத் தம் வாழ்விலேயே கண்டவர் செப்திமா.

1929 முதல் 1947 வரை கொலம்பியா நகரில் கற்பித்தார். கோடை விடுமுறைகளில் தாமும் மாணாக்கராய்ப் படித்து, 1942-இல் இளங்கலைப் பட்டமும் 1946-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். வெள்ளை ஆசிரியர்க்கு ஒன்று, கறுப்பின ஆசிரியர்க்கு ஒன்று என இருந்த ஊதிய வேறுபாட்டை எதிர்த்து அந்நகரில் வழக்கெழுந்தது. வழக்கை நடத்தியவர் தர்குட்டு மார்சல். பின்னாளில் 1967-இல் அமெரிக்கத் தலைமை வழக்குமன்றத்தின் முதற் கறுப்பின நடுவராய் அமர்ந்தவர். 1945-இல் தீர்ப்பு ஆசிரியர்க்கு ஏற்றதாய் வந்தது. செப்திமாவின் ஊதியம் மும்மடங்காயிற்று. நோயுற்ற தாயாரைப் பேணும் பொருட்டு 1947-இல் சார்ல்சுடனுக்கே திரும்பினார்.

அடுத்து வந்தது ஆய்வு நாள். பொன்னை உரைகல்லில் தேய்த்த நாள். பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாது என்று 1954-இல் தலைமை வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. அதன்மேற் சினங்கொண்ட தென்கரோலினா அரசு, மாநில அரசிலும் நகராட்சியிலும் பணியாற்றுவோர் எவரும் நிறமக்கள் கழகத்தில் உறுப்பினராய் இருத்தல் கூடாது என்று 1956-இல் சட்டம் இயற்றியது. ஆசிரியர்களிடம் உசாவல் தாள்கள் வந்தன. உறுப்பினரா, இல்லையா? இல்லை என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும்; பலர் அவ்வாறே எழுதினர். செப்திமா மறைக்கவில்லை. அகவை 58, ஆசிரியப் பணியில் நாற்பது ஆண்டுகள். பணி பறிபோயிற்று. அதனோடு ஓய்வூதியமும் பறிபோயிற்று. முதுமைக்கென்று சேர்த்த கஞ்சியையும் கவிழ்த்துவிட்டனர்.

அதன்பின் நிகழ்ந்தது பணி பறிப்பினும் கொடிது. இச்சட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுங்கள் என்று கறுப்பின ஆசிரியர் 726 பேர்க்குத் தம் கையொப்பமிட்டு மடல் விடுத்தார். மறுமொழி எழுதியவர் 26 பேர். கல்வி அலுவலரைக் கண்டு பேச வருகின்றோம் என்று சொன்னவர் 11 பேர். குறித்த நாளில் வந்து நின்றவர் அவரோடு சேர்த்து ஐவர்! இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். அவர் சார்ந்திருந்த படித்த மகளிர் கழகத்தினர் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தனர். விழா சிறப்பாய் நடந்தது. ஆனால் அவருக்கு அருகில் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. படம் வெளிவந்தால் தம் பணி போகுமே என்னும் அச்சம். மாலையிட வந்த கைகள் தோளோடு தோள் நிற்க அஞ்சின. இக்காட்சி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதா என்பதை அவையோரே எண்ணிப் பார்த்துக்கொள்க.

அம்மையார் அவர்களைப் பழிக்கவில்லை. 700 பேர் வாய்மூடி இருந்ததற்குத் தாமே கரணியம் என்றார். ஆயத்தம் செய்யாத மக்களைக் களத்துக்கு அழைத்தது தம் பிழை. முதலில் கற்பித்திருக்க வேண்டும். பின்னர் அழைத்திருக்க வேண்டும் என்று அத்தோல்வியிலிருந்து பாடம் கற்றார். பிறரைக் கோழையென வைதுவிட்டு வீட்டில் இருந்திருந்தால், ஒரு சட்டத்தால் பணியிழந்த ஆசிரியருள் ஒருவராய் அவர் மறைந்திருப்பார்.

தென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில், மைல்சு ஓர்ட்டன் என்னும் வெள்ளையர் 1932-இல் தொடங்கிய ஐலாண்டர் மக்கட்பள்ளி என்றொன்று இருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பந்தியில் உண்டு, ஒரே கூடத்தில் உறங்கிக் கற்ற இடம் அது. பணியிழந்த செப்திமாவை அப்பள்ளி பயிற்சிப் பொறுப்பாளராய் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே, 1955 கோடையில், அங்கு அவர் நடத்திய வகுப்புக்கு அலபாமாவிலிருந்து அமைதியான பெண்ணொருவர் வந்திருந்தார். அதிகம் பேசாதவர். அவ்வாண்டு திசம்பர் முதல் நாள், பேருந்தில் வெள்ளையர்க்கு இருக்கையை விட்டெழ மறுத்து உலகறிய நின்ற உரோசா பார்க்சு அவரே.

இப்பொழுது மீண்டும் சான்சுத் தீவுக்குப் போக வேண்டும். தீவுக்கு அதற்குள் பாலம் வந்துவிட்டது. ஈசா சென்கின்சு என்னும் தீவுக்காரர், நகருக்குக் கூலிப்பணிக்குச் செல்வோரைத் தம் பேருந்தில் ஏற்றிச் செல்வார். ஒப்போலை இடும் உரிமை, அஃதாவது நாளிதழ்கள் வாக்குரிமை என்றெழுதும் அவ்வுரிமை, அம்மாநிலத்தில் எழுத்தறிவோடு கட்டப்பட்டிருந்தது. பெயர் பதியப் போனால் அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். கறுப்பினத்தாரை நல்ல பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்த அரசே, படிக்கத் தெரியாதவர்க்கு ஒப்போலை இல்லை என்றது! காலை ஒடித்துவிட்டு ஓட்டப்பந்தயத்துக்கு அழைத்த கதை அது. ஓட்டும் நேரத்தில் சென்கின்சு தம் வண்டியில் வருவோர்க்குச் சட்டப்பகுதியைச் சொல்லிக் கொடுத்து வந்தார். பெண்ணொருத்தி கேட்டே அதனை மனப்பாடம் செய்துவிட்டாள். ஆயினும் எழுத்துத் தெரியாதது அவள் நெஞ்சை அறுத்தது. படிக்கக் கற்றுத்தரக் கூடாதா என்று வேண்டினாள். அவ்வேண்டுகோளே வித்து.

ஐலாண்டர் பள்ளி கொடுத்த கடனில் தீவில் பழைய கட்டடமொன்றை வாங்கினர். முன்பகுதியில் கூட்டுறவு மளிகைக் கடை, பின்னறையில் வகுப்பு. வெள்ளையர் கண்ணுக்கு அது கடை. அரிசியும் எண்ணெயும் விற்கும் இடத்திற்குப் பின்னே அகரவரிசை விளைவதை எவரும் ஐயுறவில்லை.

ஆசிரியர் யார்? இங்குதான் செப்திமாவின் நுண்ணறிவு விளங்குகின்றது. பட்டம் பெற்ற ஆசிரியரை அவர் தேடவில்லை. அரசு ஊதியம் பெறுவோர் அஞ்சுவர். அன்றியும் படித்தோரின் பேச்சில் ஏளனம் எங்கேனும் ஒளிந்திருக்கும். தம் உறவினராகிய பெர்னைசு இராபின்சன் என்பாரைத் தேர்ந்தார். அவர் மகளிர்க்கு முடி ஒப்பனை செய்யும் தொழிலினர். தமக்குக் கற்பிக்கத் தெரியாது என்று மறுத்தார். பிறர் சொல்வதைப் பொறுமையாய்க் கேட்கத் தெரியும் அன்றோ, அது போதும் என்பதே செப்திமாவின் கருத்து.

1957 சனவரி 7-ஆம் நாள் இரவு. பின்னறையில் 14 பேர் வந்து அமர்ந்தனர். சிறு பிள்ளைகளுக்கான பொத்தகங்களை எடுத்துவந்திருந்த இராபின்சன், நரைத்த தலைகளைக் கண்டதும் அவற்றை ஓரமாய் வைத்துவிட்டார். நான் ஆசிரியரல்லேன், சேர்ந்து கற்போம் என்ற பொருளிற் பேசி, நீங்கள் எதனைக் கற்க விரும்புகின்றீர்கள் என்று கேட்டார். அவர்கள் கேட்டவை எவை? தம் பெயரை எழுத வேண்டும். திருமறையைப் படிக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் மகன் எழுதிய மடலை அண்டை வீட்டாரிடம் கொடுக்காமல் தாமே படிக்க வேண்டும். அஞ்சல்வழிப் பொருள் வாங்கும் தாளை நிரப்ப வேண்டும். பின்னர், ஒப்போலைக்குப் பெயர் பதிய வேண்டும். இவையே பாடத்திட்டம். எந்த அமைச்சகமும் இதனினும் நேரிய பாடத்திட்டத்தை வகுத்ததில்லை.

பெயரெழுதக் கற்பித்த முறையும் கேட்கத் தக்கது. ஒவ்வொருவர் பெயரையும் தடித்த அட்டையில் பள்ளமாய்ச் செதுக்கிக் கொடுத்தனர். அப்பள்ளத்தில் கரிக்கோலை விட்டு மீண்டும் மீண்டும் ஓட்ட வேண்டும். ஏர்பிடித்துக் காய்த்த கைக்கு எழுத்தின் வளைவு பழகும்வரை ஓட்ட வேண்டும். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரல் பிடித்து எழுதப் பழக்கிய ஆசான்மாரின் மரபை அறிந்தவர்க்கு இது வேற்றுமுறையாய்த் தோன்றாது. கரிக்கோலை அழுத்திப் பிடித்து ஒடித்தவர் பலர். ஒடியட்டும், வேறு கோல் தருவோம் என்று இருந்தனர் கற்பித்தோர்.

ஒருநாள் அகவை 65 ஆன மூதாட்டி, பலகையில் எழுதியிருந்த பல பெயர்களுக்கு இடையே தம் பெயரைக் கண்டுகொண்டார். எழுந்து போய், கோலால் தொட்டுக் காட்டி, எழுத்தெழுத்தாய்ச் சொன்னார். அறுபத்தைந்து ஆண்டுகள் பிறர் வாயிலிருந்து மட்டும் கேட்ட பெயர்! கடன் தாளிலும் கூலிப் பேரேட்டிலும் ஒரு குறுக்குக் கோடாய் மட்டும் நின்ற பெயர்! கைநாட்டு என்று தமிழ்நாட்டில் ஒரு சொல்லாலேயே மாந்தனை அளந்து ஒதுக்கிவிடுகின்றார்களே, அச்சொல்லின் பின்னே எத்தகைய மூதாட்டியர் நிற்கின்றனர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டவில்லையா? எழுத்தறியாதவர் வேறு; அறிவில்லாதவர் வேறு.

பயிர்த்தொழில் ஓய்ந்திருக்கும் குளிர்காலத் திங்களில், கிழமைக்கு இரண்டிரவு, இரவுக்கு இரண்டு மணிநேரம். அவ்வளவே. கற்றவருட் பலர் பதிவலுவலகம் சென்று, சட்டத்தைப் படித்துக் காட்டி, தம் பெயரைத் தாமே எழுதிவிட்டு வந்தனர். செய்தி அடுத்த தீவுக்குப் போயிற்று; அதற்கடுத்த ஊருக்கும் போயிற்று. இவ்வகுப்புகளுக்குக் 'குடியுரிமைப் பள்ளிகள்' என்று பெயர் வழங்கிற்று.

ஆள்வோர் வாளா இருப்பரா? 1959 சூலை 31-ஆம் நாள் இரவு, மலைமேல் இருந்த ஐலாண்டர் பள்ளிக்குள் காவலர் புகுந்தனர். பொறுப்பில் இருந்தவர் செப்திமா. மது வைத்திருந்தார் என்று குற்றஞ்சாட்டி அவரைச் சிறைப்பிடித்தனர். மதுவை வாயாற் தொட்டறியாத 61 அகவை மூதாட்டியின் மேல் இட்ட குற்றம் அது! விளக்கணைத்த கூடத்தில் இருளில் அமர்ந்திருந்த இளைஞர்கள் அஞ்சாமற் பாடிக்கொண்டிருந்தனர். குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆயினும் பள்ளியின் இசைவாவணத்தை 1961-இல் பறித்துக்கொண்டனர்.

அதற்குள் இப்பணியை மார்ட்டின் லூதர் கிங்கின் தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாடு ஏற்றுக்கொண்டது. சியார்சியா மாநிலத்தின் தார்செசுட்டர் என்னும் நடுவத்தில், செப்திமாவும் தோரதி காட்டன், ஆந்திரு யங்கு ஆகியோரும் பயிற்சி நடத்தினர். உழவர், சமையற் பெண்டிர், முடி திருத்துவோர், ஊர்ப் பாட்டிமார் என எளியோரே வந்து, ஐந்து நாள் தங்கிப் பயின்று, தம்மூர் சென்று வகுப்புத் தொடங்கினர். சமையலறை, மரநிழல், முடி திருத்தகம் எல்லாம் பள்ளிகளாயின. ஊர் ஊராய் இவர்களைத் தேடித் தெரிந்தெடுக்க இம்மூதாட்டி பேருந்திலேயே தென்னகம் முழுவதும் சுற்றினார். எழுத்தறிவுத் தேர்வென்னும் தடையை 1965 ஆகத்து 6-ஆம் நாள் ஒப்பமிடப்பட்ட சட்டம் தகர்த்தபொழுது, ஒப்போலைக்கு அணியமாய் நின்ற ஊர்கள் பலவற்றில் இப்பள்ளிகளின் கைப்பணி இருந்தது.

இயக்கத்திற்குள்ளும் அவருக்கு எல்லாம் இனிதாய் இருந்துவிடவில்லை. பெண்ணொருத்தி ஆட்சிக்குழுவில் எதற்கு என்று கேட்ட தலைவர்கள் அங்கும் இருந்தனர். ஒவ்வோர் ஊர்வலத்தையும் தாமே முன்னின்று நடத்தாமல் அந்தந்த ஊரில் தலைவர்களை உருவாக்கி அவர்களை முன்னே விடுங்கள் என்று கிங்குக்கு மடல் எழுதினார். அது குழுவில் படிக்கப்பட்டபொழுது சிரிப்பொலி எழுந்தது. கிங்கு அவரை மதித்தார். 1964-இல் நோபல் பரிசு பெற ஓசுலோ நகர் சென்றபொழுது உடனழைத்துச் சென்றார். ஆயினும் பெண்களைத் தலைமையில் ஏற்காதது அவ்வியக்கத்தின் பெருங்குறை என்று அம்மையார் பின்னாளில் வெளிப்படையாய்க் கூறினார். உரிமைக்குப் போராடுவோர் தம் வீட்டுப் பெண்டிர்க்கு உரிமை மறுப்பது எந்நாட்டிலும் எளிதாய் நிகழ்வதே. அதனைச் சொல்லத் துணிந்தவர் சிலர். அன்போடு சொல்லத் தெரிந்தவர் இவர்.

1970-இல் ஓய்வு பெற்றுச் சார்ல்சுடனில் வாழ்ந்தார். 1975-இல் தேர்தலில் நின்று, சார்ல்சுடன் மாவட்டப் பள்ளி ஆட்சிக்குழுவின் உறுப்பினரானார். எந்தப் பள்ளிகளிலிருந்து அவரை வெளியேற்றினார்களோ, அந்தப் பள்ளிகளை நடத்தும் அவையில் இருக்கை! அடுத்த ஆண்டு, பறித்த ஓய்வூதியத்தை மாநில ஆளுநர் மீட்டுக் கொடுத்தார். இருபது ஆண்டுகள் தாழ்ந்து வந்த கஞ்சி அது. வரவேண்டிய பழைய ஊதியத்திற்கு இசைவு கிடைத்தது 1981-இல். 1979-இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் விருதளித்தார். தம் வாழ்க்கையை அவர் எடுத்துரைத்த நூலுக்கு 1987-இல் அமெரிக்க நூற்பரிசு கிடைத்தது. சார்ல்சுடனின் பெருஞ்சாலை ஒன்று இன்று அவர் பெயரால் வழங்குகின்றது.

அவ்வாண்டு திசம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், 89-ஆம் அகவையில், அம்மையார் உயிர்நீத்தார். இறந்த இடம் சான்சுத் தீவு. 18 அகவையில் படகிலிருந்து இறங்கி, தாட்பைகளில் கதையெழுதிச் சுவரில் மாட்டிய அதே தீவு.